உதவி செய்தால் மனம் ஏன் நிறைகிறது? அந்த நிறைவைச் சந்தேகிக்க வேண்டுமா?

வழிப்போக்கன் எழுதியது:

சென்ற வாரம் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற முதியவர் தம் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோவதும் தள்ளிப் பிடிப்பதுமாக இருந்தார். கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த வேலை, அவர் கொண்டுவந்திருந்த பழைய தாள்களில் பிறந்த தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் ஒன்றரை மணி நேரம் நீண்டது. அதற்குள் என் முறை போய்விட்டது. மறுநாள் மீண்டும் போக வேண்டியதாயிற்று. கணக்குப் பார்த்தால் எனக்கு நட்டமே. ஆயினும் அன்று இரவு படுக்கும் வரையில் மனம் இலேசாக இருந்தது. மறுநாள் அதே வரிசையில் நின்றபோதுகூட எரிச்சல் வரவில்லை.

இதை எழுதத் தூண்டியது ஓர் ஒப்பீடு. இரண்டு மாதங்களுக்கு முன் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நான்கு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற அந்த மகிழ்ச்சி மூன்றாம் நாளே பழகிப்போய்விட்டது. முன்பின் அறியாத ஒருவருடைய படிவம் தந்த மகிழ்ச்சியோ, ஒரு வாரம் கழிந்த பின்னும் நினைக்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது. இது ஏன்? இன்னொன்றும் உறுத்துகிறது. இத்தனை இன்பம் எனக்குக் கிடைத்திருக்கிறதென்றால், நான் செய்தது அவருக்காகவா, இந்த இன்பத்துக்காகவா? 'ஈத்துவக்கும் இன்பம்' என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தான் நாம். அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தராசு எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு ஓரளவு விடை இருக்கிறது. எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவர் 2008இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 46 பேருக்குக் காலையில் ஓர் உறை கொடுக்கப்பட்டது. சிலருடைய உறையில் 5 டாலர், சிலருடையதில் 20 டாலர். பாதிப் பேர் அதை மாலைக்குள் தங்களுக்காகவும், மற்றவர்கள் பிறருக்குப் பரிசாகவோ நன்கொடையாகவோ செலவிட வேண்டும். மாலையில் கேட்டபோது, பிறருக்குச் செலவிட்டவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது கணக்கிலேயே வரவில்லை. வேறு சிலரிடம் இதே நிலைமையை விவரித்து, எது மகிழ்ச்சி தரும் என்று ஊகிக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் தனக்கே செலவிடுவதும் 20 டாலர் பெறுவதும்தான் என்றார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தத் தவறான ஊகம்தான். உதவியின் இன்பத்தை எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். இருந்தும் அடுத்த முறை முடிவெடுக்கும்போது அதை மறந்துவிடுகிறோம்.

46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்று யாரேனும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு பெரிய அளவில் செய்யப்பட்ட சோதனைகளிலும் இந்த விளைவு தென்பட்டது. ஆனால் முதலில் தோன்றிய அளவுக்குப் பெரிதாக இல்லை.

இது வளர்ப்பினால் வந்த பழக்கம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 2012இல் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். தின்பண்டம் தனக்குக் கிடைத்தபோது இருந்ததைவிட, அதை ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தையின் முகம் கூடுதலாக மலர்ந்தது. வேறெங்கிருந்தோ எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுப்பதைவிடத் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் மலர்ந்தது. நட்டம் கூடியபோது மகிழ்ச்சியும் கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கும் இது பொருந்தலாம்.

கூர்முனை எழுதியது:

இரண்டாவது கேள்விக்குத்தான் நேரான விடை தேவை என்று நினைக்கிறேன், அந்த விடை இனிமையாக இருக்காது. பதினேழாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸ் தெருவில் ஒரு முதியவருக்குப் பிச்சையிட்டதைப் பார்த்த பாதிரியார் ஒருவர், சமயம் கட்டளையிடாவிட்டாலும் இதைச் செய்திருப்பீர்களா என்று கேட்டாராம். செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ். அந்த முதியவரின் துன்பத்தைக் காண்பது தமக்கு வேதனையாக இருந்தது, காசு கொடுத்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல், தமக்கும் ஆறுதல் என்று காரணம் சொன்னார். மறைக்காமல் சொன்ன மனிதர் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

உயிரியலும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. உறவினருக்கு உதவும் இயல்பு, தன் மரபணுவின் நகல்களையே காப்பாற்றுவதால் நிலைத்தது என்று வில்லியம் ஹாமில்ட்டன் 1964இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவல்லாதவருக்கு உதவுவது, பின்னொரு நாள் திரும்பக் கிடைக்கும் என்ற முறையில் நிலைத்திருக்கலாம் என்று ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் எழுதினார். இவற்றைச் செய்ய வைப்பதற்காக இயற்கை கொடுத்த கூலிதான் அந்த இன்பம். பசிக்கு உணவு சுவைப்பதைப் போன்றது அது. பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல், கொடுப்பவர் தன் கொடையால் உள்ளுக்குள் பெறும் கதகதப்பையும் கணக்கில் சேர்த்தால்தான் நன்கொடைகளை விளக்க முடியும் என்று காட்டினார். இந்த வாழ்வில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கொடுப்பவனை 'அறவிலை வணிகன்' என்று நம் பழம்பாடல் ஒன்று குத்திக்காட்டியது. இன்று மறுமை வரை காத்திருக்க வேண்டியதில்லை, மாலைக்குள்ளேயே கூலி கைக்கு வந்துவிடுகிறது. நண்பர் வழிப்போக்கன் நல்லவர் அல்லர் என்று நான் சொல்லவில்லை. நல்ல வணிகம் செய்திருக்கிறார் என்கிறேன்.

மின்மினி எழுதியது:

கூர்முனை அவர்களின் எழுத்து வழக்கம்போல் சுவையாக இருக்கிறது. ஆனால் வாதத்தில் ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. அந்த முதியவரின் படிவம் நிரம்பியதில் வழிப்போக்கனுக்கு ஏன் இன்பம் வந்தது? அவர் எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன என்று நினைக்கும் ஒருவர் அதே படிவத்தை நிரப்பியிருந்தால், கை வலியைத் தவிர வேறொன்றும் வந்திருக்காது. ஆகவே அக்கறை முதலில் இருந்தாக வேண்டும். இன்பம் அதன் பின்னால் வருவது. ஜோசப் பட்லர் என்ற ஆங்கிலேயச் சமய அறிஞர் 1726இல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: ஒரு பொருளின் மேல் விருப்பமே இல்லாதவனுக்கு அது கைகூடுவதில் மகிழ்ச்சி எப்படி வரும்? மகிழ்ச்சி வந்தது என்பதே, விருப்பம் அந்தப் பொருளின் மேல் இருந்தது என்பதற்குச் சான்று.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் டேனியல் பாட்சன் குழுவினர் 1981இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துன்புறுவதைப் பங்கேற்றவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. துன்பம் நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. சிலரிடம், இரண்டு சுற்று பார்த்த பின் நீங்கள் போய்விடலாம் என்றார்கள். சிலரிடம், கடைசி வரை இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். அவளுடைய இடத்தில் நான் உட்காருகிறேன் என்று சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் தரப்பட்டது. ஹாப்ஸ் சொன்னதுபோல் நம் வேதனையைத் தீர்த்துக்கொள்வதே நோக்கமென்றால், எழுந்து போவதுதான் மலிவான வழி. அந்தப் பெண்ணின் மேல் பரிவு கொள்ளாதவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பரிவு கொண்டவர்களில் பெரும்பாலோர், வாயில் திறந்திருந்தும், அவள் இடத்தை ஏற்க முன்வந்தார்கள். இந்த முடிவை ராபர்ட் சியால்டினி போன்றோர் மறுத்து எழுதினார்கள், விவாதம் நெடுநாள் நீண்டது. எனவே இதுவே இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் 'எல்லாம் தன்னலமே' என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படும் உண்மை இல்லை என்பதற்கு இது போதும்.

உயிரியல் பற்றி ஒரு சொல். ஓர் இயல்பு ஏன் நிலைத்தது என்பதும், அந்த இயல்பை உடையவர் இப்போது எதை எண்ணிச் செயல்படுகிறார் என்பதும் இரு வேறு கேள்விகள். அழும் குழந்தையைத் தூக்கும் தாய் மரபணுவின் நகலை எண்ணித் தூக்குவதில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

மின்மினி அவர்களுக்கு நன்றி. உறுத்தலில் பாதி குறைந்தது. மீதிப் பாதிக்கு ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் கான்ட்தான் காரணம் என்று நினைக்கிறேன். பிறரை மகிழ்விப்பதில் உள்ளூர இன்பம் காண்பவனின் செயல் பாராட்டுக்குரியதே, ஆனால் கடமை என்று உணர்ந்து செய்யாதவரை அதற்கு உண்மையான அறமதிப்பு இல்லை என்று அவர் 1785இல் எழுதியதைக் கல்லூரியில் படித்தது மனத்தில் தங்கிவிட்டது.

மின்மினி எழுதியது:

அதற்குக் கவிஞர் ஷில்லர் அப்போதே கேலியாகப் பதில் சொல்லிவிட்டார். நண்பர்களுக்கு மனமுவந்து உதவுகிறேன், அதனால் நான் அறவோன் இல்லையோ என்று கவலைப்படுபவனுக்கு, அவர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டு அதன் பின் அருவருப்போடு கடமையைச் செய் என்று அறிவுரை கிடைப்பதாக எழுதினார். கான்ட்டுக்கு இது முழு நியாயம் செய்வதில்லைதான். ஆனால் சிரிப்பு வருகிறது.

இரவுவிளக்கு எழுதியது:

நான் இங்கே பெரும்பாலும் படிப்பவள், எழுதுபவள் அல்லள். ஆனால் இந்த உரையாடலைப் படிக்கப் படிக்க ஒரு கசப்பு ஏறியது, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

என் தாயாருக்கு நினைவு மறதி நோய். ஆறு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஒரே கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் இருபது முறை விடை சொல்வது, நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கப் போகிறவரைத் திருப்பி அழைத்து வந்து படுக்க வைப்பது. இதைவிடப் பெரிய உதவி ஒரு மனிதர் இன்னொருவருக்குச் செய்ய முடியுமா என்று தெரியவில்லை. இதில் இன்பம் எங்கே இருக்கிறது? ஒன்றரை மணி நேரம் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு ஒரு வாரம் மகிழ்ந்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதும்போது, எனக்குள் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றுகிறது. அக்கறை இருந்தால் இன்பம் பின்னால் வரும் என்கிறார் மின்மினி. எனக்கு இன்பம் வரவில்லை. அப்படியானால் அக்கறை இல்லை என்று பொருளா?

மின்மினி எழுதியது:

நான் எழுதியதில் இருந்த குறையை நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள், மன்னிக்கவும். இன்பம் இருந்தால் அக்கறை இருந்திருக்க வேண்டும் என்பதுதான் பட்லரின் வாதத்திலிருந்து கிடைக்கிறது. அதைத் திருப்பிப்போட்டு, இன்பம் இல்லையென்றால் அக்கறையும் இல்லை என்று முடிவு கட்ட அதில் இடமில்லை. நீங்கள் விரும்புவது தாயார் நலம்பெறுவதை. அது நடக்கக்கூடியதாக இல்லை. நிறைவேற வழியில்லாத விருப்பத்திலிருந்து இன்பம் எப்படி வரும்? அந்த வேதனையே அக்கறைக்குச் சான்று.

தராசு எழுதியது:

இரவுவிளக்கு அவர்களே, கோளாறு உங்களிடம் இல்லை; எங்கள் எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. நான் சொன்ன சோதனைகள் எல்லாமே சிறிய உதவிகளைப் பற்றியவை: ஓர் உறை, ஒரு தின்பண்டம், ஒரு மாலைப்பொழுது. நீண்டகாலப் பராமரிப்பைத் தனியாக ஆராய்ந்தவர்கள் வேறு படத்தையே கண்டார்கள். நோயுற்ற துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்வில், பராமரிப்பின் பளுவை உணர்ந்தவர்களின் இறப்பு வீதம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களுடையதைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2003இல் ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர் 423 முதிய தம்பதியரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, பிறருக்கு ஆதரவு கொடுப்பவர்களிடையே இறப்பு குறைவு என்று கண்டார்கள். இரண்டும் மெய்யாக இருக்க முடியும். பின்னதில் கணக்கெடுத்தது பெரும்பாலும் நண்பர், உறவினர், அண்டை வீட்டாருக்குச் செய்த கைத்துணையும், துணைவருக்குக் கொடுத்த மன ஆதரவும். ஆறு ஆண்டு இரவுக் காவல் அதில் இல்லை.

வேறுபாடு எங்கே என்று பார்த்தால், முதலில் தெரிவது தெரிவுரிமை. நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரயனும் 2010இல் காட்டியது இது: தானாக விரும்பி உதவும்போதுதான் உதவுபவரின் மனநலம் கூடுகிறது, வற்புறுத்தலாலோ, செய்யாவிட்டால் குற்றவுணர்வு கொல்லுமே என்பதாலோ செய்யும்போது அந்தப் பயன் இல்லை. இதில் வியப்பு, உதவி பெறுபவருக்கும் அந்த வேறுபாடு போய்ச் சேர்கிறது. முழுக் கட்டாயத்திலும் ஒரு துளி இன்பம் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007இல் வில்லியம் ஹார்பாக் குழுவினர் 19 பெண்களின் மூளைச் செயலைப் படம்பிடித்தபோது, அவர்களிடமிருந்து வரிபோல் கட்டாயமாக எடுத்த பணம் ஏழைகளுக்கான உணவு வழங்கும் அமைப்புக்குப் போனபோதுகூட, இன்பத்தோடு தொடர்புடைய பகுதிகள் இயங்கின. தானாகக் கொடுத்தபோது அந்த இயக்கம் இன்னும் கூடியது.

இரண்டாவது, உதவியின் பயன் கண்ணுக்குத் தெரிவது. மூன்றாவது, முடிவு என்று ஒன்று இருப்பது. படிவம் ஒன்றரை மணியில் நிரம்பிவிடும். உங்களுக்கு மூன்றுமே இல்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்க வழியிருக்கிறதா?

சிவப்பணு எழுதியது:

தராசு சொன்ன இரண்டாவது காரணத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முப்பது முறைக்கு மேல் குருதி கொடுத்திருக்கிறேன். யாருக்குப் போயிற்று என்று ஒருமுறைகூடத் தெரியாது. இருந்தும் வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்கிறது. கண்ணால் காண வேண்டியதில்லை, மனத்தால் காண முடிந்தால் போதும் என்பது என் அனுபவம். ஆயினும் சுவீடனில், நீங்கள் கொடுத்த குருதி இன்று பயன்பட்டது என்று கொடையாளிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் உண்டு என்று படித்தபோது பொறாமையாக இருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.

கூர்முனையிடம் எனக்கு ஒரு கேள்வி. உதவி வணிகம் என்றால், கூலியைக் கூட்டினால் சரக்கு கூட வேண்டும் அல்லவா? அதே சுவீடனில் 2008இல் வெளியான ஒரு சோதனையில், குருதிக் கொடையாளர் ஆவதற்கான உடற்பரிசோதனைக்கு முன்வருவோருக்குப் பணம் தருவதாகச் சொன்னதும், ஏறத்தாழப் பாதியாக இருந்த பெண்களின் ஒப்புதல் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு இறங்கியது. அந்தப் பணத்தை அறக்கொடைக்கு அளித்துவிடலாம் என்ற வாய்ப்பைச் சேர்த்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. (ஆண்களிடம் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை, ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.) 2008இலேயே, உதவியதற்குப் பொம்மை பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பரிசு பெறாத குழந்தைகளைவிடப் பிற்பாடு குறைவாக உதவியதையும் கண்டறிந்தார்கள். கூலி கொடுத்தால் குறையும் வணிகம் எது?

கூர்முனை எழுதியது:

விலை போட்டதும் சரக்கு கெட்டுப்போகிறது என்பதை மறுக்க முடியவில்லை. என் தரப்பில் சொல்லக்கூடியது, 'நான் நல்லவன்' என்ற எண்ணமே அங்கே கூலியாக இருந்தது, பணம் வந்ததும் அந்தக் கூலி பறிபோயிற்று என்பதுதான். ஆனால் அந்த விளக்கம் இருபது மாதக் குழந்தைக்குப் பொருந்துமா என்று யோசிக்கிறேன்; குழந்தைக்குத் தன்னைப் பற்றி அப்படியொரு மதிப்பீடு இருக்கும் என்று நம்புவது கடினம். இரவுவிளக்கு அவர்களின் பதிவும் என்னை வாயடைக்கச் செய்தது. கூலியே இல்லாமல் ஆறு ஆண்டுகள் யாரும் வணிகம் செய்யமாட்டார்கள். என் கொள்கையை முழுவதும் கைவிடவில்லை. அது எல்லாவற்றையும் விளக்கும் என்ற பேச்சைக் கைவிடுகிறேன்.

வழிப்போக்கனிடம் ஒன்று கேட்க மறந்தேன். அந்த முதியவர் உங்களுக்கு நன்றி சொன்னாரா?

கடனாளி எழுதியது:

எல்லோரும் கொடுக்கும் கையிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வாங்கும் கையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் விபத்தில் கால் முறிந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தேன். அப்போது இருவர் எனக்குப் பெரிதும் உதவினார்கள். ஒருவர் வரும்போதெல்லாம் முகம் மலர்ந்து வருவார். அவருக்கு அது எத்தனை நிறைவு தருகிறது என்பதை என்னிடமும் சொல்வார், என்னைப் பார்க்க வருபவர்களிடமும் சொல்வார். அவர் இன்பம் பொய்யில்லை. ஆனால் அது பெருகப் பெருக நான் சிறுத்துக்கொண்டே போனேன். மற்றவர் வேலையை முடித்துவிட்டு, தம் மகளுக்குக் கணக்குப் பாடத்தில் வந்த சந்தேகங்களை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போவார். என்னால் அவருக்கும் ஆக வேண்டியது இருந்தது. அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

உதவி பெற்றவன் உதவியவரை நேசிப்பதைவிட, உதவியவர் பெற்றவனை அதிகமாக நேசிக்கிறார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கைவினைஞருக்குத் தாம் செய்த பொருளின் மேல் இருக்கும் பற்றைப் போன்றது அது என்பது அவர் விளக்கம். படுக்கையில் கிடந்தபோது அது எவ்வளவு மெய் என்று தெரிந்தது. நான் ஒருவருடைய கைவேலையாக இருந்தேன். உதவுபவரின் இன்பத்தைச் சந்தேகிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஆனால் அதை எதிரில் இருப்பவரின் கண்ணெதிரே உண்ண வேண்டியதில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

கடனாளி அவர்களின் பதிவைப் படித்த பின், அந்த முதியவர் முன்னால் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில், என் முறை போய்விட்டதைச் சிரித்துக்கொண்டே அவரிடம் சொன்னேன். அப்போது பெருந்தன்மை என்று நினைத்தேன். அவர் அதற்குப் பின் அதிகம் பேசவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

கூர்முனை அவர்களுக்கு: நன்றி சொல்லவில்லை. படிவத்தை வாங்கியதும் முறை போய்விடுமே என்று விரைந்து போய்விட்டார். திரும்பிப் பார்த்ததாகவும் நினைவில்லை. நீங்கள் கேட்கும்வரை அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

இரவுவிளக்கு எழுதியது:

அன்று கோபமாக எழுதிவிட்டேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி. தராசு கேட்டதற்கு விடை சொல்லத் தாமதமாகிவிட்டது. ஒரு வழி கிடைத்திருக்கிறது. என் சித்தி மகளிடம் வாய்விட்டுக் கேட்டேன்; ஆறு ஆண்டுகளில் இதுவே முதல் முறை. சனிக்கிழமை மாலைகளில் மூன்று மணி நேரம் தான் இருப்பதாக அவளாகவே சொன்னாள்.

முதல் சனிக்கிழமை நான் எங்கும் போகவில்லை, பக்கத்து அறையில் படுத்துத் தூங்கினேன். விழித்துப் பார்த்தபோது அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்க வேண்டும் என்று அவளைப் பார்த்துச் சொன்னார். இதே சொற்களை என்னிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நான் அழுதிருக்கிறேன். அவளோ பூரித்துப் போனாள். போகும்போது வாசலில் நின்று, மனசுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது தெரியுமா அக்கா என்றாள். வழிப்போக்கன் எழுதிய அதே மகிழ்ச்சிதான். அதே சீப்பு, அதே தலை, மூன்று மணி நேரம். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வருகிறாயா என்று கேட்டேன்.